எட்டாவது பிட்

இது சற்று நீண்ட பதிவு. மொழி ஆவணப்படுத்தலில் ஈடுபட்டிருக்கும் மாணவர்களும், பழைய கணினிகள் மூலையில் கிடக்கும் துறைகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் பொறுமையுடன் வாசித்தால் பயன்படும் என்று நம்புகிறேன். முப்பது ஆண்டுப் பழைமையுடைய ஒரு யூனிக்ஸ் கணினியோடு அதன் சீரியல் போர்ட் வழியாகப் பேசுவது எப்படி என்பதே பொருள். அப்படிப் பேசும்போது எந்தப் பழுதுக்கு அஞ்ச வேண்டியதில்லை, எதற்கு அஞ்சியே ஆக வேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பின்னணி. நான் ஆய்வு செய்யும் மொழி கோலாமி. மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியிலும் தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் பேசப்படும் நடுத்திராவிட மொழி அது. எம். பி. எமனோ 1955இல் வெளியிட்ட விளக்க நூலின் மூலம் திராவிட மொழியியலாளர்களுக்கு நன்கு அறிமுகமானது. தமிழைப் போலவே அதிலும் எகரமும் ஏகாரமும் வேறு, ஒகரமும் ஓகாரமும் வேறு. என் ஆய்வு இந்தக் குறில் நெடில் வேறுபாட்டைப் பற்றியது. மராத்தி எழுத்து மரபில் இவ்வேறுபாட்டைக் காட்ட இடமில்லை. மராத்தியிலேயே பள்ளிக்கல்வி பெற்ற இளைய தலைமுறையினரிடம் அது எந்த அளவுக்கு நிலைத்திருக்கிறது என்பது என் ஆய்வின் மையக் கேள்வி. இதற்கு விடை காண, முந்தைய தலைமுறையின் பேச்சை அறிந்தாக வேண்டும்.

என் துறையில் அதற்கு ஒரு சான்று இருந்தது. 1990களில் களப்பணி செய்து தொகுக்கப்பட்ட கோலாமி அகராதி. சில ஆயிரம் பதிவுகள். ஒவ்வொன்றிலும் தேவநாகரியில் தலைச்சொல், ஆங்கிலத்தில் பொருள், அதற்குக் கீழே இலக்கணக் குறிப்புகள் இடையிட்ட எடுத்துக்காட்டுத் தொடர்கள். நூலாக வெளிவரவில்லை. சொல்லட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சியிருந்தது துறையின் பின்னறையில் இருந்த சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்ற கணினி மட்டுமே. 1994இல் சந்தைக்கு வந்த வகை அது. சென்ற ஆண்டு, கழிவு செய்ய வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. காப்புப் பிரதிதான் இருக்கிறதே என்றார்கள்.

உண்மையில் இருந்தது. அகராதி முழுவதும் பல ஆண்டுகளுக்கு முன்பே மோடம் வழியாக வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ஒரு குறுந்தகட்டில் பதியப்பட்டுத் திரும்பி வந்திருந்தது. நெறியாளர் அதை என்னிடம் தந்தார். திறந்து பார்த்தேன். வரிகளின் எண்ணிக்கை அட்டவணையோடு ஒத்துப்போயிற்று. ஆங்கிலப் பொருள்கள் ஒரு காற்புள்ளி கூடச் சிதையாமல் இருந்தன. தலைச்சொல் இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்து கிடந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது ஏதோ ஒரு குறியீட்டு எண் வரிசை போலத் தோன்றும். பல ஆண்டுகளாகப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

அந்தக் குறியீடுகள் எப்படி வந்தன என்பதை விளக்க வேண்டும்.

1963இல் முதலில் வெளியான ஆஸ்கி என்னும் தரம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஏழு பிட்டுகளைப் பயன்படுத்துகிறது. அதாவது 0 முதல் 127 வரை. ஆங்கிலத்துக்கு அது போதும். இந்திய எழுத்துகளுக்காக 1991இல் இந்தியத் தர அமைவனம் வகுத்த இஸ்கி தரம், ஆஸ்கியை அப்படியே வைத்துக்கொண்டு, எட்டாவது பிட்டைச் சேர்த்ததால் கிடைத்த மேல்பாதியில் நம் எழுத்துகளை அமைத்தது. தேவநாகரியின் ககரத்துக்கு 179. ஆகாரக் குறிக்கு 218. ஒரே கோப்பில் ஆங்கிலமும் இந்திய மொழியும் பகைமையின்றி வாழ வழிசெய்த அமைப்பு அது. கோலாமிக்குத் தேவையான குறில் எகர ஒகரக் குறிகளும் அதில் இருந்தன.

இப்போது, எட்டாவது பிட்டை வெட்டிவிடும் ஒரு வழியாக இந்தக் கோப்பு செல்வதாகக் கொள்வோம். ஒவ்வோர் இந்திய எழுத்திலிருந்தும் 128 கழிந்துவிடும். 179 என்பது 51 ஆகும். ஆஸ்கியில் 51 என்பது 3 என்ற எண்ணின் குறியீடு. 218 என்பது 90 ஆகும். அது ஆங்கிலப் பெரிய எழுத்து வரிசையின் கடைசி எழுத்தான இசட். ஆகவே 'கா' என்பது மூன்றும் இசட்டுமாக மாறும். ஆங்கில எழுத்துகளில் எட்டாவது பிட் முதலிலிருந்தே பூச்சியம். எனவே அவற்றுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இதைக் கண்டபோது சிறிது நேரம் எழுந்து நடக்க வேண்டியிருந்தது. ஓர் அகராதியில் விளக்கும் மொழி முழுமையாகப் பிழைத்து, விளக்கப்படும் மொழி முழுமையாக அழிந்திருந்தது. எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வழியில் இருந்த ஓர் அமைப்பு, தனக்குத் தெரிந்த மொழியை மட்டும் எழுத்தாக எண்ணியது; அவ்வளவுதான்.

"கழிந்த 128ஐத் திரும்பக் கூட்டிவிட்டால் போயிற்றே" என்று கணினித் துறை நண்பர் ஒருவர் சொன்னார். தலைச்சொல் மட்டும் தனியாக இருக்கும் இடங்களில் அது ஓரளவு இயலும். ஆனால் ஒலியொப்புமைச் சொற்களை 1, 2, 3 என்று எண்ணிட்டிருந்தார்கள். அங்கே 3 என்பது எண்ணா, ககரமா? எடுத்துக்காட்டுத் தொடர்களில் நிலை இன்னும் மோசம். குறில் ஒகரக் குறியின் 228 ஆங்கிலச் சிறிய எழுத்து டி ஆகிறது. நெடில் ஓகாரக் குறியின் 229 அதற்கடுத்த ஈ ஆகிறது. இடையிடையே ஆங்கில இலக்கணச் சுருக்கங்கள். எது எதிலிருந்து வந்தது என்பதை ஊகிக்கலாம். சான்றாகக் காட்ட முடியாது. என் ஆய்வுக்கு வேண்டிய இடமோ சரியாக அந்த ஒகரமும் ஓகாரமும்தான். ஊகித்து மீட்ட எழுத்துகளின் மேல் உயிர் நீட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வேட்டை எழுத முடியாது.

ஆகவே மூலக் கணினியிடமே போக வேண்டியிருந்தது. கழிவுப் பொருள்களை எடுத்துச் செல்ல வண்டி வருவதற்கு மூன்று வாரங்கள் இருந்தன.

அக்கணினியின் விசைப்பலகையும் திரையும் எப்போதோ தொலைந்திருந்தன. வலையமைப்பு இணைப்பு ஒரு மழைக்கால இடியில் செத்துப்போயிருந்தது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துவது முதலில் தோன்றும் வழி. ஆனால் பல ஆண்டுகள் சுழலாமல் கிடந்த வட்டில், படிக்கும் தலை தட்டின் மேல் ஒட்டிக்கொள்வது உண்டு. ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால், வேலை முடியும் வரை நிறுத்தாமல் இருப்பதே நல்லது. துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தொழில்நுட்பர் ஒருவரைத் தேடிச் சென்றேன். எல்லோருக்கும் அவர் காகா. கேட்டவுடன் அவர் சொன்னது இதுதான்: "பேட்டா, அந்தப் பெட்டிக்குக் கண் இல்லை, கை இல்லை. ஆனால் வாய் இருக்கிறது. பின்பக்கம் பார்."

பின்பக்கம் இருந்தது 25 ஊசிகள் கொண்ட ஒற்றை இணைப்பி. இவ்வகைக் கணினியில் ஏ, பி என்னும் இரண்டு சீரியல் போர்ட்டுகளும் அந்த ஒரே இணைப்பியில்தான் வெளிவருகின்றன. ஏ போர்ட்டை நேரடியாக இணைக்கலாம். பி போர்ட்டுக்கு இரண்டாகப் பிரியும் தனிக் கேபிள் வேண்டும். விசைப்பலகை இல்லாமல் இயக்கினால், சன் கணினி தன் முதற்பேச்சை ஏ போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும். வேகம் நொடிக்கு 9600 பிட், எழுத்துக்கு எட்டு பிட், சமநிலைப் பிட் இல்லை, ஒரு நிறுத்தப் பிட்.

இந்த நான்கு செய்திகளையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் சீரியல் தொடர்பின் இயல்பு. 1960இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 தரத்தின் வழிவந்த இந்த இணைப்பில், 'நான் இப்படிப் பேசுகிறேன், உனக்குப் புரிகிறதா' என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் கிடையாது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன் ஒரு தொடக்கப் பிட் வரும். அதைக் கண்டதும், பெறும் கணினி தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு அடுத்த பிட்டுகளை அளந்து படிக்கும். உடன்படிக்கை எதுவும் கம்பியில் இல்லை; இரு முனைகளிலும் இருப்பவர்களின் அறிவில் இருக்கிறது. மொழிக்கும் அப்படித்தான் என்று மொழியியல் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடன்பாடு இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதை வகைப்படுத்திச் சொல்கிறேன். பத்து நாள்களில் ஏறக்குறைய எல்லா வகையையும் பார்த்தோம்.

முதல் வகை, முழு மௌனம். எங்கள் முதல் இணைப்பில் மடிக்கணினித் திரை வெறுமையாக இருந்தது. காகா முதலில் மடிக்கணினிப் பக்கத்தைச் சோதிக்கச் சொன்னார். கேபிளின் மறுமுனையில் 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால், நாம் தட்டச்சு செய்வது நமக்கே திரும்பி வர வேண்டும். வந்தது. அத்துடன் ஐயத்தின் பாதி தீர்ந்தது. அடுத்து மின்னழுத்தமானியை எடுத்தார். ஓய்வில் இருக்கும் அனுப்பு ஊசியில், 7ஆம் ஊசியான தரையோடு ஒப்பிட, எதிர்மின்னழுத்தம் இருக்கும். பெறும் ஊசி தானாக எதையும் செலுத்துவதில்லை. இரு பக்கமும் 2ஆம் ஊசியிலேயே எதிர்மின்னழுத்தம் காட்டியது. இரண்டு கணினிகளும் ஒரே கம்பியில் பேசிக்கொண்டும், இன்னொரு கம்பியில் கேட்டுக்கொண்டும் இருந்தன என்று பொருள். கணினியையும் மோடத்தையும் இணைப்பதற்காக வகுக்கப்பட்ட தரம் அது. கணினியைக் கணினியோடு இணைக்கும்போது 2ஐயும் 3ஐயும் குறுக்கே மாற்ற வேண்டும். அதற்கான நல் மோடம் கேபிளை மாட்டியதும் எழுத்துகள் வரத் தொடங்கின.

இரண்டாம் வகை, முழுக் குழப்பம். வேகம் பொருந்தாவிட்டால் வரும் எல்லா எழுத்தும் குப்பையாக இருக்கும். அஞ்ச வேண்டியதில்லை. குப்பை வருகிறது என்றால் கம்பி சரியாக இருக்கிறது, மறுமுனையில் உயிர் இருக்கிறது என்று பொருள். வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் ஏதேனும் ஓரிடத்தில் தெளியும்.

மூன்றாம் வகை, பாதிக் குழப்பம். ஒரு வரியில் சில எழுத்துகள் எப்போதும் சரியாகவும், சில எப்போதும் தவறாகவும் வரும். இது சமநிலைப் பிட்டின் கைவேலை. அனுப்புபவர் ஏழு பிட்டோடு இரட்டைச் சமநிலை சேர்த்து அனுப்ப, பெறுபவர் எட்டு பிட்டாகப் படித்தால் இப்படி ஆகும். ஆங்கிலத்தின் ஏ 65; அதில் ஒன்றுகள் இரண்டு. சமநிலைப் பிட் பூச்சியமாக இருக்கும், எழுத்து மாறாது. சி 67; ஒன்றுகள் மூன்று. சமநிலைப் பிட் ஒன்றாகும், எழுத்து 195 ஆகிவிடும். ஒலிமாற்ற விதி போல ஒழுங்கான திரிபு இது. எந்த எழுத்துகள் பிழைக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே காரணம் புலப்படும்.

நான்காம் வகை, நன்றாகத் தொடங்கி இடையில் உதிர்வது. இது பெறுபவரின் கொள்ளளவுச் சிக்கல். 'நிறுத்து', 'தொடர்' என்று சொல்லும் ஏற்பாடு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கென 4, 5ஆம் ஊசிகளில் தனிக் கம்பிகள் உண்டு. அவை கேபிளில் இல்லாதபோது, எழுத்தோட்டத்துக்குள்ளேயே 17, 19 என்ற இரு குறியீடுகளை அனுப்பித் தொடரவும் நிறுத்தவும் சொல்லும் வழியும் உண்டு. ஆனால் சுருக்கப்பட்ட கோப்புகளில் அந்த எண்கள் இயல்பாகவே வரக்கூடும். அப்போது தரவே கட்டளையாகிவிடும்.

கணினி எழுந்தது. அடையாளமும் அமைப்புகளும் பதிந்த நினைவகச் சில்லின் மின்கலம் எப்போதோ தீர்ந்திருந்ததால், தன் அடையாளம் செல்லாது என்று முறையிட்டு, நாளையும் மறந்து, 'ஓகே' என்ற தூண்டுசொல்லோடு நின்றது. வட்டிலிருந்து தொடங்கும்படி கையால் கட்டளையிட்டதும் இயங்குதளம் வந்தது. அப்போது காகா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "இனி அந்தக் கேபிளைத் தொடாதே." காரணம் உண்டு. ஓர் எழுத்து வரும் நேரத்துக்கும் மேலாகக் கம்பி நேர்மின்னழுத்தத்திலேயே நின்றால் அது 'பிரேக்' என்ற சமிக்ஞை. சன் கணினியின் முதற்போர்ட்டில் அது வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் அந்த நொடியே நின்று மீண்டும் ஓகே தூண்டுசொல்லுக்குப் போய்விடும். முனையத்தை அணைப்பதும் கேபிளைப் பிடுங்குவதும் கூடச் சில வேளைகளில் பிரேக் போலத் தோன்றிவிடும். நேர்ந்தால் பதறாமல் 'கோ' என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அறியாதவர்கள் பதறி மின்சாரத்தை அணைத்துவிடுவார்கள்.

ஏ போர்ட்டின் வழியாகவே கோப்பை இறக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். இயங்குதளம் தன் எச்சரிக்கைகளை எல்லாம் அந்த வழியாகத்தான் அச்சிடும். தரவின் நடுவே ஓர் எச்சரிக்கை வரி நுழைந்தால் கோப்பு கெட்டது. ஆகவே பி போர்ட். அங்கேதான் பழைய மோடம் இன்னமும் மாட்டியிருந்தது.

மோடத்தைக் கழற்றிவிட்டு எங்கள் கேபிளை மாட்டினோம். மீண்டும் மௌனம். ஊசிகள் சரி, வேகம் சரி. இது ஐந்தாம் வகை: காத்திருக்கும் மௌனம். மோடம் தொலைபேசிக் கம்பியின் மறுபுறத்தில் இன்னொரு மோடத்தின் ஒலியைக் கேட்டதும் 8ஆம் ஊசியில் ஒரு சமிக்ஞை தரும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று அறிவிக்கும் வாசல்மணி அது. அழைப்பு துண்டிக்கப்பட்டால் சமிக்ஞை விழும். திறந்து கிடக்கும் பயனர் அமர்வை இயங்குதளம் உடனே மூடும். அடுத்து அழைப்பவர் முந்தையவரின் கணக்குக்குள் நுழையாமல் காத்த நல்ல ஏற்பாடு. மோடத்துக்காக அமைக்கப்பட்ட அந்தப் போர்ட், வராத மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மடிக்கணினி 'நான் தயார்' என்று சொல்லும் 20ஆம் ஊசிக் கம்பியை சன் பக்கத்தின் 6, 8ஆம் ஊசிகளுக்குக் கொண்டுபோனதும் கதவு திறந்தது.

திறந்தவுடன் வந்தது 'லாகின்' என்ற கேள்வி. அந்தப் போர்ட்டை ஒரு நுழைவு நிரல் காவல் காத்துக்கொண்டிருந்தது. கோப்பு அனுப்ப வேண்டுமானால் அதை முதலில் அமர்த்த வேண்டும். இரண்டு யூனிக்ஸ் கணினிகளை இணைத்து, இரு பக்கமும் இந்த நுழைவு நிரலை ஓடவிட்டால் நடப்பதைக் காகா சிரித்துக்கொண்டே சொன்னார். ஒன்று 'லாகின்' என்று கேட்கும். மற்றது அதையே பயனர் பெயராக எடுத்துக்கொண்டு 'பாஸ்வேர்டு' என்று கேட்கும். முதலாவது அதைப் பெயராக எடுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் இரண்டும் ஒன்றையொன்று யார் என்று கேட்டுக்கொண்டிருக்கும். விடிந்து பார்த்தால் பதிவுக் கோப்பு வட்டை நிறைத்திருக்கும். சில கருத்தரங்குகள் நினைவுக்கு வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நுழைவு நிரலை நிறுத்தும் முன் அப்போர்ட்டின் அமைப்பை அச்சிட்டுப் பார்த்தோம். அங்கே இருந்தது விடை. எழுத்துக்கு ஏழு பிட். இரட்டைச் சமநிலை.

அதுவே ஆறாம் வகை. கோலாமி அகராதியை அழித்த வகை. கம்பியின் இரு முனைகளும் ஏழு பிட்டுக்கு ஒத்துக்கொண்டிருந்தன. வேகம் பொருந்தியது. சமநிலை பொருந்தியது. எந்த எழுத்தும் உதிரவில்லை. பழுதின் எந்த அறிகுறியும் எங்கும் இல்லை. ஓர் எழுத்தின் மேல்பிட் கம்பிக்கு வருமுன்பே வெட்டப்பட்டது. பெற்றவரோ தமக்கு வந்ததை எல்லாம் பிழையின்றிப் பெற்றார். சமநிலைச் சோதனை ஒவ்வோர் எழுத்தையும் சரி என்று சான்றளித்தது. ஏனெனில் அது சோதித்தது வெட்டிய பின் எஞ்சியதை.

அமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அன்றைய உலகமே ஏழு பிட்டில் ஓடியது. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறை ஏழு பிட் எழுத்துகளையே ஏற்றது. பிற எழுத்துகளைப் பாதுகாப்பாகப் பொதிந்து அனுப்பும் மைம் முறை 1992இல்தான் வந்தது. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் தொடக்கக் காலத்தில் இந்தியக் கல்வி நிறுவனங்கள் மோடம்களை வைத்து, தொலைபேசிக் கம்பிகளில், கிடைத்த வேகத்தில் கடிதம் அனுப்பிக்கொண்டவை. இரைச்சல் மிகுந்த கம்பியில் சமநிலைப் பிட் ஒரு பாதுகாப்பு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எதற்கும் அது தீங்கு செய்யவில்லை. பிழையை உணரக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் படித்ததெல்லாம் ஆங்கிலம். பிழை விழுந்ததோ அவர்கள் படிக்காத வரிசையில்.

இதற்கான மருந்தும் அக்காலத்திலேயே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட் என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை, ஏழு பிட் வழியிலும் எட்டு பிட் தரவைக் கொண்டு செல்லும். மேல்பிட் உள்ள எழுத்துக்கு முன்னால் ஓர் அடையாள எழுத்தை வைத்து, மறுமுனையில் அதைக் கண்டு பிட்டைத் திரும்பச் சேர்க்கும். எங்கள் கணினியில் கெர்மிட் இல்லை. ஆனால் யூயூஎன்கோடு என்ற சிறு நிரல் இருந்தது. அது மூன்று பைட்டுகளை நான்கு அச்சிடத்தக்க ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும். கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகப் பெருக்கும். ஆனால் எந்தக் கம்பியும் அதைக் கெடுக்காது.

செய்தது இவ்வளவுதான். போர்ட்டை எட்டு பிட்டுக்கு மாற்றினோம். அதையும் முழுமையாக நம்பாமல், அகராதிக் கோப்புறையை ஒரே கோப்பாகக் கட்டி, சுருக்கி, யூயூஎன்கோடு செய்து அனுப்பினோம். சுருக்கியபின் ஏறத்தாழ 3 மெகாபைட். மாற்றியபின் 4க்குச் சற்று மேல். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள், ஏனெனில் தொடக்க, நிறுத்தப் பிட்டுகளோடு ஓர் எழுத்துக்குப் பத்து பிட். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இரு பக்கமும் சிகேசம் கட்டளையால் சரிபார்ப்பு எண் எடுத்தோம். சம் என்ற பழைய கட்டளை கணினிக்குக் கணினி வேறு முறையில் கணக்கிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. எண்கள் ஒத்திருந்தன. பிறகும் இன்னொரு முறை அனுப்பச் சொன்னார் காகா. அனுப்பினோம். ஒத்திருந்தன.

இஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பிறகு தலைச்சொற்கள் தேவநாகரியில் தெரிந்தன. தொகுத்தவர்கள் குறில் எகரத்தையும் ஒகரத்தையும் தனிக் குறிகளால் கவனமாகப் பிரித்திருந்தார்கள். அன்றாட மராத்தி எழுதும் எவரும் பயன்படுத்தாத குறிகள் அவை. காதால் கேட்டு, வேறுபாட்டை உணர்ந்து, விசைப்பலகையில் தேடி இட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பு மொத்தமும் ஒரே ஒரு பிட்டில் இருந்தது.

என் ஆய்வுக்கு இது பயன்படும் என்பது ஒரு பக்கம். வேறொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் தரவைப் பற்றிப் பேசும்போது இரைச்சலைப் பகையாகக் கருதப் பழகியிருக்கிறோம். மௌனமும் குப்பையும் உதிர்வும் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன. ஏதோ சரியில்லை என்று உரக்கச் சொல்கின்றன. அவை நேர்மையான பழுதுகள். ஒழுங்காகவும் படிக்கத்தக்கதாகவும் வந்து சேரும் இழப்புதான் முப்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். சீரியல் கம்பிகள் போய்விட்டன. இந்த வகைப் பழுது போகவில்லை. அட்டவணை மென்பொருள் ஒன்றில் திறந்து சேமித்ததும் உச்சரிப்புக் குறிகள் கேள்விக்குறிகளாகும் கோப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெட்டுயிர்க் குறியை 'தேவையற்ற குறி' என்று நீக்கிவிட்டுத் தூய்மையாக்கப்பட்ட தரவு என்று பெயரிடும் நிரல்களையும் பார்த்திருப்பீர்கள். அங்கும் ஆங்கில வரிசை எப்போதும் சரியாகவே இருக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

காப்புப் பிரதி இருக்கிறது என்று எவரேனும் சொன்னால், அதைத் திறந்து, ஆய்வுக்குரிய மொழியில் எழுதப்பட்ட பத்து வரிகளையாவது வாசியுங்கள். வரி எண்ணிக்கையும் கோப்பின் அளவும் சான்று ஆகா. இயன்றால் அம்மொழி பேசும் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

கழிவுப் பட்டியலில் பழைய கணினி ஏதேனும் இருந்தால், கையெழுத்திடும் முன் அதில் என்ன இருந்தது என்று ஓய்வு பெற்றவர்களிடம் கேளுங்கள். எந்தப் போர்ட் எதற்காக எப்படி அமைக்கப்பட்டது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எங்கள் துறையில் அது ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தது. அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

மூன்றாவது, உங்கள் தரவோடு அதன் எழுத்துக் குறியேற்றத்தின் பெயரையும் ஆண்டையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். எங்கள் கோப்புறையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், குறுந்தகட்டைப் பெற்ற நாளிலேயே யாரோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்.

கழிவு வண்டி குறித்த நாளில் வந்தது. கணினி இப்போதைக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுத் துறையிலேயே இருக்கிறது. அகராதியின் மீட்ட பிரதி மூன்று இடங்களில் இருக்கிறது. யவத்மாலில் நான் களப்பணி செய்யும் ஊரின் பள்ளியில் கோலாமி பேசும் ஆசிரியர் ஒருவர், வாரம் நூறு பதிவுகள் வீதம் அதை வாசித்துத் திருத்தி வருகிறார். கேபிளின் ஊசி இணைப்புகளும் போர்ட் அமைப்புகளும் யாருக்கேனும் தேவைப்பட்டால் கீழே கேளுங்கள். காகா வரைந்த படத்தைப் பகிர அவர் இசைவு தந்திருக்கிறார்.